குட்டையில் ஓட்டை என்று சொல்லி ஒரு லட்சம் வாங்கிப் போனவர்

கே.வி.குப்பம், காட்பாடி வட்டாரத்தில் கல்குவாரியும், கல்லை உடைத்து மணலாக்கும் எம்-சாண்ட் ஆலையும் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மஞ்சள் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, "கசிவு எங்கே என்று கருவி வைத்துக் காட்டுகிறோம் சார்" என்று ஒருவர் வருவார். போன வாரம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு குவாரி வாசலில் அவருடைய வண்டி நிற்பதைப் பார்த்தேன். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எங்கள் குவாரிப் பள்ளத்தின் வடக்குச் சுவரில் கார்த்திகை மழைக்குப் பிறகு ஈரம் தெரிந்தது. மழைக்காலத்தில் எந்தக் குவாரியில்தான் தண்ணீர் வராது என்று விட்டுவிட்டோம். தை முடிந்தும் காயவில்லை. அடியில் முழங்கால் அளவு நின்றது. வெடிக்குத் துளை போட்டால் துளைக்குள் தண்ணீர். காலையில் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடினால்தான் வண்டி இறங்க முடியும்.

சுவருக்கு மேலே ஐம்பது மீட்டர் தள்ளி மணல் கழுவும் குட்டை இருக்கிறது. நாற்பது மீட்டர் நீளம், இருபத்தைந்து மீட்டர் அகலம், கறுப்பு எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்புப் போட்டது. அதற்குத் தினமும் 12,000 லிட்டர் டேங்கர் இரண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம். மேலே குறைகிறது, கீழே வருகிறது. விரிப்பு கிழிந்திருக்கிறது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். சந்தேகம் எங்களுடையது. வந்தவர் அதற்கு விலை மட்டும் வைத்தார்: 1,80,000 ரூபாய், முன்பணம் 1,08,000.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். பெட்டியிலிருந்து சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. இரண்டின் நுனியிலும் ஒரு முழ நீளக் கம்பி. கரையின் வெளிப்பக்க மண்ணில் இரண்டையும் குத்தினார், எண்ணைப் பார்த்தார், நாலடி நகர்ந்தார், மறுபடி குத்தினார். குட்டையைச் சுற்றி வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "நாலு இடத்தில் ஓட்டை சார்" என்றார்.

பிளாஸ்டிக் விரிப்பு மின்சாரத்தைக் கடத்தாது. இந்தச் சோதனைக்கு ஆதாரமே அதுதான். ஒரு முனை குட்டைத் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், மறுமுனை வெளிமண்ணில். விரிப்பில் ஓட்டை இருந்தால் அதன் வழியாக மட்டும் மின்சாரம் பாயும். தண்ணீருக்குள் கருவியை நகர்த்திக்கொண்டே போனால் அந்த இடத்தில் அளவு எகிறும். தண்ணீரிலிருந்து கரைமேல் கிடக்கும் இரும்புக் குழாயைக்கூட முன்னதாக எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கி அளவைக் கெடுத்துவிடும். எங்கள் உறிஞ்சு குழாய் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவருடைய வயர் இரண்டும் தண்ணீரைத் தொடவே இல்லை. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

பிறகு குட்டையைக் காலி செய்யச் சொன்னார். ஒன்பது நாள் மணல் கழுவும் வேலை நின்றது. நாலு இடத்தில் அதே கறுப்பு விரிப்பைச் சதுரமாக வெட்டி, டப்பாவிலிருந்து பசை தடவி ஒட்டினார். எச்டிபிஇயில் பசை பிடிக்காது. சூடான காற்றால் இளக்கி, அதே பிளாஸ்டிக்கை உருக்கி விட்டுத்தான் இணைக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய மூன்றாவது வாரம் அந்தச் சதுரங்கள் நான்கும் ஆலிலை போல மேலே மிதந்து வந்தன.

இதில் என்னை இன்னும் குத்துவது வேறொன்று. குட்டை காலியாக இருந்த ஒன்பது நாளும் சுவர் கசிந்துகொண்டுதான் இருந்தது. மேஸ்திரி ஐந்தாம் நாளே கேட்டார்: "முதலாளி, மேலே தண்ணீரே இல்லை, கீழே எப்படி வருகிறது?" நான் அதைப் பெட்டிக்காரரிடம் கேட்டேன். "மண்ணில் ஊறியது வடிகிறது சார்" என்றார். தலையாட்டினேன்.

ஒட்டு மிதந்த பிறகு அடுத்த கொட்டேஷன் வந்தது. பள்ளத்துச் சுவரையே கிரவுட்டிங் செய்து, அதாவது வெடிப்புகளில் சிமெண்டுக் கரைசலை ஏற்றி, அடைத்துவிடலாமாம், 4,20,000 ரூபாய். நல்ல வேளை, கையெழுத்துப் போடும் முன் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி கேட்டார்.

சனிக்கிழமை மாலை வாளியில் தண்ணீர் நிரப்பி, கல் போட்டு, குட்டைக்குள் கழுத்தளவு அமிழ்த்தி நிறுத்தினோம். வாளியின் உள்ளே ஒரு கோடு, குட்டை மட்டத்துக்கு வெளியே ஒரு கோடு. ஞாயிறு முழுக்கத் தண்ணீர் ஊற்றவும் இல்லை, எடுக்கவும் இல்லை. 24 மணி நேரத்தில் வாளியில் 8 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அது சித்திரை வெயில் குடித்தது. குட்டையில் 9. வித்தியாசம் ஒரே மில்லிமீட்டர். எங்கள் குட்டை அளவுக்கு நாளொன்றுக்கு 1,000 லிட்டர்.

சுவரடியில் வழியும் தண்ணீரை ஒரு வாய்க்காலில் திருப்பி, 90 டிகிரி 'வி' வெட்டிய தகரத்தைக் குறுக்கே நட்டார். வெட்டின் முனைக்கு மேல் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தது. கணக்குப் போட்டால் நொடிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். நாளுக்கு ஏறக்குறைய 66,000 லிட்டர். ஐந்தரை டேங்கர். "தம்பி, இரண்டு டேங்கர் ஊற்றுகிற குட்டையிலிருந்து ஐந்தரை டேங்கர் எப்படிக் கசியும்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. நாங்கள் தினம் ஊற்றியதை வெயிலும் ஈர மணலும்தான் கொண்டுபோயிருக்கின்றன.

தண்ணீர் மேட்டிலிருக்கும் ஏரியிலிருந்து வருகிறது. நம் பக்கத்துச் சார்னோகைட்டும் நைஸும் கெட்டிப் பாறைகள். வெடிப்புகளின் வழியாகத்தான் தண்ணீர் ஓடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தோம்: குட்டை 1,900, ஏரி 520, சுவர் 700. ஆனியில் ஏரி வற்றியதும் சுவரும் காய்ந்தது. (ஏரித் தண்ணீர் குவாரிக்குள் வடிகிறது என்றால் ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்பதும் நியாயம். அது தனிப் பேச்சு.)

கிரவுட்டிங் விஷயத்தில் பெரியவர் கோபப்பட்டே விட்டார். வெடிப்பின் வாயை அடைத்தால் தண்ணீர் பின்னால் சேர்ந்து அழுத்தும். சுவர் பெயர்ந்து விழ அது போதும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருப்பது அதற்காகத்தான். அவர் சொன்னபடி சுவரில் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த துளைகள் ஆறு போட்டோம். வழிவது இப்போது குழாயில் வந்து தொட்டியில் விழுகிறது. ஏரியில் தண்ணீர் இருக்கும் வரை மணல் கழுவ டேங்கர் வாங்குவதில்லை.

பாக்கி 72,000 ரூபாயைக் கேட்டுப் பெட்டிக்காரரிடமிருந்து திங்கள்தோறும் செய்தி வருகிறது. குட்டையில் மிதந்த ஒட்டுகளின் படத்தைத் திங்கள்தோறும் நான் அனுப்புகிறேன்.