நிக்கல் சில்வர் என்று இரும்புத் தண்டவாளத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள், 23,800 ரூபாய் போச்சு

ஹெச்ஓ (1:87 அளவு மாடல் ரயில்) லேஅவுட்டுக்கு ஆன்லைனில் ட்ராக் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். ட்ராக் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கடைசியில் எழுதுகிறேன்.

வாங்கியது: கோட் 100 நிக்கல் சில்வர் ஃபிளெக்ஸ் ட்ராக் (வேண்டியபடி வளைத்துப் போடும் ட்ராக்), 914 மி.மீ. நீளம், 25 எண்ணம், ஒன்று 620 ரூபாய். ஃப்ராக்கிலும் (தண்டவாளங்கள் குறுக்கிடும் முனையிலும்) கரன்ட் ஓடும் பாயிண்ட், அதாவது தடம் மாற்றும் துண்டு 4, ஒன்று 1,950. கூரியரோடு 23,800 ரூபாய். விற்றது மாடல் ரயில் சாமான் மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடை.

நம்ப வைத்தது கடைக்காரர் அனுப்பிய வீடியோதான். கட்டின் மேலிருந்து ஒரு துண்டை உருவினார். காலிப்பர் வைத்தார், தண்டவாள உயரம் 2.54 மி.மீ. கோட் 100 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 100 பங்கு, கணக்கு சரி. காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. நிக்கல் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அதில் காந்தம் ஒட்டாது, அதுவும் சரி. "அசல் சரக்கு சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." முழுப் பணத்தையும் அன்றே யுபிஐ-யில் அனுப்பினேன்.

பெட்டி வந்ததும் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) பார்த்தேன், 16.5 மி.மீ. சரியாக இருந்தது. காந்தம் வைக்கவில்லை, அதைத்தான் வீடியோவில் பார்த்தாச்சே! இரண்டு துண்டைக் கார்க்கின் மேல் பதித்து, ஜல்லி தூவி, ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு சேர்த்து ஊற்றினேன். மறுநாள் காலையில் தண்டவாளத்தின் அடியில் நெடுகச் செம்பழுப்புக் கோடு. அதை ஒட்டியிருந்த ஜல்லியெல்லாம் கறை. தொட்டால் விரலில் துரு. நிக்கல் சில்வர் கறுக்கும், ஒருநாளும் இப்படித் துருப்பிடிக்காது.

அதன்பிறகு 25-க்கும் காந்தம் வைத்தேன். 19 ஒட்டியது. மேலடுக்கில் இருந்த 6 மட்டும் நல்ல சரக்கு. பாயிண்ட் நான்கிலும் ஃப்ராக் வெறும் பிளாஸ்டிக். நான்கு சக்கர ஷன்டிங் லோகோ (சின்ன இன்ஜின்) மெதுவாகப் போனால் அந்த இடத்தில் கரன்ட் கிடைக்காமல் அப்படியே நின்றுவிடுகிறது.

போன் செய்தால் முதல் நாள், "உங்க ஊர் உப்புக்காத்து சார், பாலிஷ் போடுங்க." இரண்டாம் நாள், "பசை ஊத்தினது நீங்க, ஒட்டின சரக்கை எடுத்துக்க மாட்டோம்." பசை படாத மீதி 17 இரும்புத் துண்டையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "கம்பெனியில கேட்டுச் சொல்றேன்" என்றவர் அதோடு போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 23,800 ரூபாய்!

வாங்குகிறவர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் காந்தம் வையுங்கள். ஒட்டாவிட்டாலும் முனையில் அரம் போடுங்கள். உள்ளே மஞ்சளாகத் தெரிந்தால் முலாம் பூசிய பித்தளை, அது கறுத்தால் கரன்ட் சரியாக ஏறாது. பழைய லோகோவில் சக்கர விளிம்பு ஆழமாக இருந்தால் கோட் 75 வேண்டாம், ஸ்லீப்பரில் தண்டவாளத்தைப் பிடிக்கும் கொக்கிகளில் இடிக்கும். பாயிண்ட்டின் ஃப்ராக்கைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். முழுப் பணமும் முன்னால் கொடுக்காதீர்கள்.

வளைவின் ஆரம், வயரின் கனம் எல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் கொடுக்க பில்லையும் அந்த வீடியோவையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.