மொட்டை மாடிக்கு ஃபைபர் ஷீட்டா, பாலிகார்பனேட் ஷீட்டா?

பெரம்பூர் வீட்டு மாடியில் துணி காயப்போடும் இடத்துக்கு முதலில் ஃபைபர் ஷீட் போட்டிருந்தோம், அப்புறம் பாலிகார்பனேட். கடையில் எல்லோரும் கேட்பது "எத்தனை எம்எம்?" என்றுதான். காற்றுக்கும் பாரத்துக்கும் தடிமன் முக்கியம், சரி. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் கடிப்பது ஷீட்டின் மேல்தோலைத்தான். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்து நிற்கிறது. எந்தத் தோல் தாங்கும் என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

ஃபைபர் ஷீட் என்பது பாலியெஸ்டர் ரெசினில், அதாவது இறுகிப் போகும் பிளாஸ்டிக் பிசினில், ஊறிய கண்ணாடி இழை. கதிர் பட்டு ரெசினின் மூலக்கூறுச் சங்கிலி அறுகிறது. அறுந்த முனைகளில் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் ஏறிக்கொள்கிறது. மேல்பரப்பு மாவாக உதிர்ந்து மழையோடு போய்விடும். இழைக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதால் அது துருத்திக்கொண்டு நிற்கும். ஏணி போட்டு ஏறி, பழைய ஷீட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். சாயங்காலம் வரை கை அரித்தது.

இன்னொன்றும் கவனித்தேன். புதிதில் முத்து முத்தாக உருண்டு ஓடிய மழைத்தண்ணீர், பிறகு அப்படியே பரவிப் படிந்தது. ஆக்சிஜன் ஏறிய பரப்பில் தண்ணீர் எளிதில் ஒட்டும். ஆலைகளில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள்: பசையும் பெயின்ட்டும் பிடிக்காத பிளாஸ்டிக்கில் 185, 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா விளக்கைக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். நம் மாடியில் பிடித்துக்கொள்வது அழுக்கும் பாசியும்தான். ஷீட்டைத் தேய்த்துக் கழுவி, மேலே புது ரெசின் பூசினால் இன்னும் சில காலம் ஓடும். விலையும் குறைவு. வாடகை வீடு, தற்காலிகக் கொட்டகை என்றால் ஃபைபரே போதும்.

அக்ரிலிக் என்று இன்னொரு பிளாஸ்டிக் ஷீட்டும் உண்டு; அது வெயிலில் லேசில் மஞ்சளாகாது. ஆனால் திருகு போட்ட இடத்தில் விரிசல் விடும். கூரைக்கு வேண்டாம்.

சொந்த வீட்டுக்கு என் ஓட்டு பாலிகார்பனேட்டுக்கு. கல் விழுந்தாலும் சுலபத்தில் உடையாது. ஆனால் வெறும் பாலிகார்பனேட் புற ஊதாவைத் தானே உறிஞ்சி மஞ்சளாகிவிடும். அதைக் காப்பாற்றுவது மேலே இருக்கும் சுமார் 50 மைக்ரான் காப்புப் படலம், தலைமுடியை விட மெல்லியது. பல ஷீட்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்; அது எந்தப் பக்கம் என்று காட்டுவது மேலே ஒட்டியிருக்கும் பிலிமின் எழுத்துதான். எங்களுக்கு வேலை செய்ய வந்தவர் எழுத்துப் போட்ட பிலிமை முதலில் உரித்துவிட்டு, கைக்கு வந்த பக்கத்தை மேலே வைத்துத் திருகிவிட்டார். இரண்டே வருடத்தில் ஷீட் டீ நிறத்துக்கு வந்தது. திருப்பிப் போட்டாலும் ஏறிய மஞ்சள் இறங்காது; புதிதுதான் வாங்கினோம்.

இந்த முறை ஓரத்தில் மட்டும் பிலிமை மடித்துவிட்டு, எழுத்து வானத்தைப் பார்க்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். திருகி முடித்த அன்றே மிச்சத்தையும் உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் அது ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டவேண்டி வரும்.