லண்டனோ டோஹாவோ, அம்மா கையில் எவ்வளவு விழுகிறது?

எங்கள் வீட்டுக்கு மூன்று நாடுகளிலிருந்து காசு வருகிறது. நான் டோஹாவில், தம்பி டுபாயில், சின்னம்மா மகள் லண்டனில். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் அம்மா. ஆளுக்கொரு செயலியை வைத்துக்கொண்டு "என்னுடையதுதான் லாபம்" என்று வாட்ஸ்அப்பில் சண்டை போடுவது வழக்கம். அம்மா டவுனுக்கு இறங்க பஸ் தவறி த்ரீவீல் பிடித்தால், "கட்டணமே இல்லை" என்ற சலுகை அந்த ஒரு பயணத்திலேயே கரைந்துவிடும். இதை எந்தச் செயலியும் கணக்கில் காட்டுவதில்லை.

முதலில் நாணய விலை. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு டொலருக்கு 3.64 கட்டார் ரியால், 3.6725 திர்ஹாம், 3.75 சவூதி ரியால் என்று இந்த நாணயங்களை டொலரோடு கட்டிவைத்திருக்கிறார்கள். டொலர் 300 ரூபாய் என்றால் கட்டார் ரியால் 82.42, திர்ஹாம் 81.69, சவூதி ரியால் சரியாக 80 ரூபாய். செயலி காட்டும் விலை அதற்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ, அவ்வளவும் அவர்கள் சத்தமில்லாமல் எடுக்கும் கூலி. குவைத் தினாருக்கு இந்தக் கணக்கு ஓடாது. அது பல நாணயங்களின் கூடையோடு கட்டியது.

பேச்சுக்கு 1,500 கட்டார் ரியால் அனுப்புவோம். ஓர் இடத்தில் 15 ரியால் கட்டணம், ரியால் 82 ரூபாய். இன்னோர் இடத்தில் கட்டணம் இல்லை, ஆனால் ரியால் 80.80. முதலாவதில் 121,770 ரூபாய் விழும், இரண்டாவதில் 121,200. இலவசம் என்றதில் 570 ரூபாய் நட்டம். நான் நாலு வருடம் அந்த இலவசத்தில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வளைகுடாவின் எக்ஸ்சேஞ்ச் கம்பனிச் செயலிகளுக்கும், சம்பளம் விழும் வங்கியின் சொந்தச் செயலிக்கும் இடையில் எனக்கு எக்ஸ்சேஞ்ச்தான் பிடிக்கும். பல எக்ஸ்சேஞ்ச் கம்பனிகளுக்கு இலங்கை வங்கிகளோடு நேரடி ஏற்பாடு இருக்கிறது. அம்மாவின் கணக்கு அந்த வங்கியிலேயே இருந்தால் சில நிமிடங்களில் காசு விழும். வேறு வங்கி என்றாலும் இலங்கைக்குள் வங்கிக்கு வங்கி உடனடியாகக் காசு மாற்றும் செஃப்ட்ஸ் வழியாக உடனே கைமாறலாம். ஒரு தடவைக்கு 50 இலட்சம் ரூபாய் வரை அதில் போகும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு எல்லையே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். சம்பள வங்கியிலிருந்து ஸ்விஃப்டில் (நாடுகளுக்கிடையே வங்கிகள் பாவிக்கும் வலையமைப்பில்) அனுப்பினால் நாள் பிடிக்கும். நடுவில் நிற்கும் வங்கி தன் பங்கைப் பிடித்துக்கொள்ளவும் கூடும், அப்போது வந்து சேரும் தொகை அனுப்பியவனுக்கே புதிராக இருக்கும்.

தம்பியின் நிலை வேறு. அவன் கம்பனி சம்பளத்தைச் சம்பள அட்டையில்தான் போடுகிறது. ஊதியப் பாதுகாப்பு முறை என்று 2009 இல் ஐக்கிய அரபு அமீரகம் கொண்டுவந்தது அது. கட்டார் 2015 இல் பின்தொடர்ந்தது. மாதச் சம்பளம் உரிய நேரத்தில் விழுந்ததா என்று அரசாங்கம் பார்க்க முடியும் என்பதால் தொழிலாளிக்கு அது நல்லதுதான். அட்டையோடு வரும் செயலியிலிருந்தே ஊருக்கு அனுப்பவும் வசதி உண்டு. வசதிக்காக அவன் அதிலேயே அனுப்புகிறான். விலையை மேலே சொன்ன கணக்கில் ஒருநாள் வைத்துப் பார் என்றேன். "பாக்குறேண்ணே" என்றான். இன்னும் பார்க்கவில்லை.

லண்டனிலிருந்து வருவதற்குப் போட்டியே கிடையாது. சின்னம்மா மகள் பாவிப்பது வைஸ். 2011 இல் தொடங்கிய கம்பனி, 2021 வரை டிரான்ஸ்ஃபர்வைஸ் என்று பெயர். சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள விலையைக் கொடுத்து, கட்டணத்தைத் தனியாகக் கண்ணெதிரே காட்டும். ரெவலூட் என்ற இன்னொரு செயலியும் வைத்திருக்கிறாள். சாதாரணக் கணக்கில் சனி, ஞாயிறு நாணயம் மாற்றினால் கூடுதலாக அறவிடுவார்கள், அதனால் வார நாளில் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அவளுக்கு நேரம் கிடைப்பதே ஞாயிறில்தான்.

உண்டியலை, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு கைமாறும் முறையை, சொல்லாமல் விட்டால் இது நேர்மையான ஒப்பீடாக இருக்காது. 2021 கடைசியில் வங்கியில் டொலர் 200 ரூபாயைச் சுற்றி இறுகி நின்றது. உண்டியல்காரர் அதைவிட எவ்வளவோ கூடக் கொடுத்தார். அந்த டிசம்பரில் மத்திய வங்கி டொலருக்கு 10 ரூபாய் மேலதிகமாகக் கொடுத்துப் பார்த்தும் ஆட்களைத் திருப்ப முடியவில்லை. வங்கி வழியாக வந்த தொழிலாளர் பணம் 2020 இல் 710 கோடி டொலர், 2022 இல் 379 கோடிதான். நானும் அந்த நாட்களில் இரண்டு தடவை உண்டியலில் அனுப்பினேன், மறைக்கவில்லை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபின் அந்த இடைவெளி சுருங்கிப்போனது, 2024 இல் வங்கி வழியே 657 கோடி டொலர் வந்தது. இப்போது உண்டியலில் மிஞ்சுவது கொஞ்சம், ஆபத்து மட்டும் பழையபடி. யாரென்றே தெரியாத ஒருவர் அம்மாவின் கணக்கில் காசு போடுவார். நாளைக்கு அவர்மேல் விசாரணை வந்தால் அம்மாவின் கணக்கையும் தோண்டுவார்கள். பொலிஸுக்குப் பதில் சொல்ல அம்மாவால் ஆகாது.

வாங்கும் பக்கம்தான் இன்னும் சிக்கலானது. வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்றவற்றில் கணக்கு வேண்டாம், அனுப்பியவர் சொல்லும் எண்ணும் அடையாள அட்டையும் போதும் என்பது உண்மை. ஆனால் தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, அடையாள அட்டையில் லச்சுமி, நான் அனுப்பும்போது லக்ஷ்மி. கவுன்டரில் அதற்காகவே திருப்பி அனுப்பிய நாள் உண்டு. வங்கிக் கணக்கில் இந்தத் தலைவலியை ஒரேயொரு தடவை தீர்த்தால் போதும். செயலியில் பெறுநர் பெயரைப் பாஸ்புத்தகத்தில் உள்ளபடி எழுத்து மாறாமல் போடுங்கள்.

எந்த வங்கி? இலங்கை வங்கி, மக்கள் வங்கி, ஹட்டன் நஷனல் மூன்றையும் மலையகத்தில் எவரும் முதலில் நினைப்பார்கள். மூன்றாவது 1888 இல் ஹட்டனில் தோட்டத் துரைமாருக்காகத் தொடங்கியது. இன்று கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் செயலியைத் தட்டுவதைப் பார்க்க எனக்குச் சின்னச் சந்தோஷம். ஆனால் தேர்வை அது தீர்மானிக்காது. பஸ் நிறுத்தத்திலிருந்து மேடு ஏறாமல் நடந்துபோகக்கூடிய ஏடிஎம் எதுவோ அதுவே அம்மாவின் வங்கி. முழங்கால் வலிக்கு முன்னால் வட்டி வீதம் நிற்காது. கிளைக்கே போகாமல் போனிலேயே கணக்குத் திறக்கும் ஃப்ரிமி போன்றவை தங்கச்சிக்குச் சரி. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு #111# அடித்துப் பாவிக்கும் ஈசி கேஷ் என்ற போன் பணப்பை போதும்.

என் பெயரில் ஊரில் ஒரு டொலர்க் கணக்கும் வைத்திருக்கிறேன். முன்பு என்ஆர்எஃப்சி (வதிவற்றோர் வெளிநாட்டு நாணயக் கணக்கு) என்றார்கள், 2017 சட்டத்துக்குப் பிறகு அது தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு. ரூபாய் சரிந்த அந்த வருடத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியது அதனால்தான். வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான், அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டு வங்கியாகப் பிரியுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வங்கிச் செயலியைப் பாவிப்பதில் ஒரு பொறி உண்டு, நான் அதில் விழுந்தேன். ஓடிபி இலங்கை நம்பருக்குத்தான் வந்தது. ரீலோட் போடாமல் விட்டதில் என் சிம் செத்துப்போனது. வங்கியின் பெயர் வேண்டாம், அவர்கள் சொன்ன ஒரே வழி "கிளைக்கு நேரில் வாருங்கள்". ஓடிபி வாங்க டோஹாவிலிருந்து விமானமா? எட்டு மாதம் கழித்து விடுமுறையில் போய்த்தான் திறந்தேன். புறப்படும் முன்பே வெளிநாட்டு நம்பரைப் பதிய முடியுமா என்று கிளையில் கேளுங்கள். முடியாது என்றால் சிம்மில் ரோமிங் போட்டு மாதாமாதம் ரீலோட் செய்யுங்கள்.

அட்டைகளைப் பொறுத்தவரை, லண்டன்காரியின் வைஸ் அட்டை ஊருக்கு வரும்போது பாவிக்க நல்லது. நுவரெலியாவில் ஒரு கடை மெஷின் "பவுணிலா, ரூபாயிலா" என்று கேட்டது, அவள் பவுணை அமுக்கிவிட்டாள். எப்போதும் ரூபாய்தான், பவுண் என்றால் விலையை மெஷின்காரர் தீர்மானிப்பார். ஆனால் அந்த அட்டையை அம்மாவிடம் விட்டுப் போகிறேன் என்றதை நான் தடுத்தேன். அம்மாவுக்கு அவருடைய கணக்கின் டெபிட் அட்டை போதும். அம்மா அட்டையையும் பின் நம்பரையும் சேர்த்துப் பக்கத்து லயத்துப் பையனிடம் கொடுத்தனுப்புவார், அதை நிறுத்த முடியவில்லை. அதனால் அந்தக் கணக்கில் ஒரு மாதச் செலவுக்கு மேல் வைப்பதில்லை, மிச்சம் என் கணக்கில் இருந்து தேவைக்கு இறங்கும்.

அட்டை காலாவதியாகும் மாதத்தையும் குறித்துவையுங்கள். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, தோட்டத்தின் பெயரில் வரும் கடிதம் ஆபீஸில் எத்தனை நாள் கிடக்கும் என்று தெரியாது. போன தடவை அம்மாவின் புது அட்டை அப்படித்தான் தொலைந்தது. இந்தத் தடவை தபாலில் போட வேண்டாம், கிளையிலேயே வைத்திருங்கள், டவுனுக்கு வரும்போது அம்மா எடுத்துக்கொள்வார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.