மேலே 3 எச்.பி. ஸ்டிக்கர், அடியில் 1 எச்.பி.: என் 16,500 ரூபாய் போன கதை

செக்கு மோட்டாருக்கு வாங்கிய ட்ரைவில் ஏமாந்தது நேற்று மாலைதான் தெரிந்தது. வயிறு எரிகிறது, அதனால் இப்போதே எழுதுகிறேன். ட்ரைவ் வாங்கும்போது பார்க்க வேண்டியதையெல்லாம் கடைசியில் சொல்கிறேன்.

கடலூர் முதுநகரில் சிறிய கடலை எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறேன். 3 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரைவ் பெட்டி (வி.எஃப்.டி. என்பார்கள்) வாங்கலாம் என்று புதுச்சேரியில் ஒரு மின்சாமான் கடைக்குப் போனேன். (அங்கே வரி குறைவு என்ற பழைய நினைப்பு வேறு. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்தக் காலம் முடிந்தது, என் புத்திக்குத்தான் எட்டவில்லை.)

கடைக்காரர் மேசைமேல் இருந்த குட்டி மோட்டாரில் ட்ரைவை இணைத்துக் குமிழைத் திருகினார். எண் 0இலிருந்து 50 ஹெர்ட்ஸ் வரை ஏறியது, மோட்டார் பூப்போலச் சுற்றியது. "என் சொந்தச் செக்காக இருந்தாலும் இதைத்தான் போடுவேன் அண்ணா" என்றார். டீயும் வரவழைத்தார். அந்த டீயில் விழுந்தவன்தான் நான். 16,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டு.

வெறும் செக்கு ஓடியது. கடலையைக் கொட்டியதும் ஓவர்லோடு காட்டி நின்றது. போன் செய்தால், "உங்கள் மோட்டார் பழையது." மறுநாள், "எர்த் சரியில்லை." பிறகு, "திங்கட்கிழமை சென்னையிலிருந்து இன்ஜினியர் வருவார்." மூன்று திங்கட்கிழமைகள் போயின. கடைசியில் கரன்ட் வரம்பைக் கூட்டி வைக்கச் சொன்னார். கூட்டினேன். பட்டென்று வெடித்துப் புகை கிளம்பியது. "செட்டிங்கை நீங்கள் தொட்டுவிட்டீர்கள், வாரண்டி கிடையாது" என்கிறார், கூட்டச் சொன்ன அதே வாயால்!

மோட்டார் காயில் கட்டும் தம்பி ட்ரைவ் மேலிருந்த 3 எச்.பி. ஸ்டிக்கரை நகத்தால் உரித்தான். அடியில் இன்னொன்று: 0.75 கிலோவாட். அதாவது 1 எச்.பி. என் மோட்டாருக்கு 2.2 கிலோவாட் வேண்டும். சுமை ஏறினால் அது இழுக்கும் ஆம்பியரில் பாதியைத்தான் இந்தப் பெட்டி தாங்கும். சுமையில்லாதபோது குறைவாக இழுத்ததால்தான் முதலில் ஓடிக் காட்டியிருக்கிறது. உள்ளே மோட்டாருக்குக் கரன்ட்டை அனுப்பும் ஐ.ஜி.பி.டி. என்ற பவர் டிரான்சிஸ்டர் கரிக்கட்டை.

எச்.பி.யை மட்டும் நம்பாதீர்கள், ட்ரைவின் ஆம்பியரை மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். ஸ்டிக்கர் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னும் இருக்கிறது, எழுதப் பொறுமையில்லை. 16,500 ரூபாய்!

என் எண்ணைக் கண்டாலே இப்போது கடைக்காரர் போனை எடுப்பதில்லை. நாளை முதல் பஸ்ஸில் கருகிய பெட்டியோடு அந்தக் கடை வாசலில் நிற்கப் போகிறேன்.