ஓரம் கறுத்த புதுக் கிரானைட்: காத்திருப்பதா, கழுவுவதா, பூசுவதா, பெயர்ப்பதா?

முற்றத்தில் கிரானைட் பதித்து, இணைப்புகளை அடைத்து முடித்த மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஒரு கறுப்புக் கரை. நடுவில் நாம் ஆசைப்பட்டு வாங்கிய இளஞ்சாம்பல், ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அடர்சாம்பல். படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் இருந்தது. பார்த்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு யோசனை சொன்னார்கள். விடு, தானாகக் காயும் என்றார் ஒருவர். ஆசிட் ஊற்றிக் கழுவு என்றார் இன்னொருவர். சீலர், அதாவது கல்லில் ஈரமும் கறையும் ஏறாமல் காக்கும் பூச்சு, அடித்தால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும், கல்லைப் பெயர்ப்பதைத் தவிர வழியே இல்லை என்றும் ஆளுக்கொன்று வந்தது. நான்குமே ஏதோ ஒரு கறைக்குச் சரியான பதில்தான். நம் கல்லில் இருப்பது எந்தக் கறை என்று தெரியாமல் இறங்கினால்தான் வம்பு.

அதனால் முதலில் சோதனை. ஒரு கல்லின் மூலையில் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்ல ஆட்டிக்கொண்டே சூடு காட்டினேன். நான்கைந்து நிமிடத்தில் கருமையின் உள்பக்க விளிம்பு பின்வாங்க ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் அந்த மூலை மட்டும் நடுப்பகுதியின் நிறத்துக்கு வந்துவிட்டது. நிறுத்தியபின் ஒரு மணி நேரத்துக்குள் பழையபடி கறுத்தது. இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. அது கறையே அல்ல, ஈரம். கல் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் மறுபடி தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. கல்லின் நடுவில் நாலு சொட்டு தண்ணீர் விட்டு ஊறியபின் துடைத்துப் பாருங்கள். அந்த இடமும் ஓரத்தின் நிறத்துக்கே வந்தால் சந்தேகமே வேண்டாம்.

கிரானைட் தண்ணீர் குடிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்குள்தான் குடிக்கும். ஆனால் இளநிறக் கல்லில் அந்தத் துளி ஈரமே கண்ணில் அடிக்கும். சிமென்ட் இறுகுவதற்கு அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதத் தண்ணீர் போதும். வேலை எளிதாக நடக்கட்டும் என்று கலவையை இளக்கமாகக் குழைத்தால், மிச்சத் தண்ணீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அடிக்கலவை காய்வதற்குள் இணைப்பையும் அடைத்துவிட்டால், அறுத்த பக்கவாட்டு முகம் இரண்டு பக்க ஈரத்தையும் சேர்த்துக் குடிக்கும். ஓரம் கறுப்பது அதனால்தான்.

இந்த வகைக் கருமைக்குக் காத்திருப்பதே முதல் மருந்து, பெரும்பாலும் ஒரே மருந்தும் அதுதான். வெயிலும் காற்றும் கிடைக்கும் முற்றத்தில் சில வாரங்களில் கரை மெலிய ஆரம்பிக்கும். குளிரும் மழையுமான பருவத்தில், தடித்த கல்லில், பல மாதங்கள்கூட ஆகும். செலவு இல்லை, கல்லுக்குக் கேடு இல்லை, பின்னால் வேறு எந்த வழிக்கும் இது தடையும் இல்லை. மற்ற எந்த யோசனைக்கும் இந்தக் கடைசிக் குணம் கிடையாது. காத்திருக்கும் காலத்தில் பூந்தொட்டி, மிதியடி, பிளாஸ்டிக் விரிப்பு எதையும் கல்மேல் வைக்காதீர்கள். தளத்தைத் தினமும் கழுவவும் வேண்டாம். பிரஷர் வாஷரால் அடித்தால் ஈரம் கூடுவதோடு புது இணைப்பும் பெயர்ந்து வரும்.

அடுத்து ஆசிட். பலர் கை முதலில் போவது இதற்குத்தான், எனக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான். பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கிரானைட்டை ஒன்றும் செய்யாது என்பார்கள். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் கல்லில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் பயோடைட் மைக்காவில் இரும்பு இருக்கிறது. ஆசிட் அதைக் கரைத்து வெளியே இழுக்கும். கழுவிய அன்று பளிச்சென்று இருக்கும் கல், சில நாளில் மஞ்சளாகி, அப்புறம் துருநிறம் காட்டும். ஈரத்தால் வந்த கருமை காய்ந்தால் போகும். ஆசிட்டால் வந்த மஞ்சளை எடுப்பது பெரும்பாடு. போதாக்குறைக்கு இணைப்பில் உள்ள சிமென்டையும் அது அரித்துவிடும். சில கல் கிளீனர்களில் புளோரைடு சேர்ந்திருக்கும். அது குவார்ட்ஸையே தின்றுவிடும், தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். லேபிளில் அந்தச் சொல்லைப் பார்த்தால் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கறை கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது சிமென்டிலிருந்து வந்த சுண்ணாம்பு. வறண்ட நாளில் காய்ந்த பிரஷால் தேய்த்துவிட்டு, மறுபடி பூக்கிறதா என்று பாருங்கள். பூப்பு நிற்காமல் ரசாயனம் போடுவது வீண்வேலை.

ஓரம் பழுப்போ ஆரஞ்சோ என்றால் கதை வேறு. அது துரு, காத்திருந்தால் கூடத்தான் செய்யும். கல்லை அறுத்தபோது ஒட்டிய இரும்புத் துகளாக இருக்கலாம், கல்லுக்குள்ளேயே உள்ள இரும்பாகவும் இருக்கலாம். இங்கே பற்றுப் போடுவது வேலை செய்யும். வீக்கத்துக்குப் பற்றுப் போடுகிறோமே, அதே தத்துவம். வெள்ளைக் களிமண்ணை ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலில் குழைத்து, கறைமேல் விரல் தடிமனுக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடி வைத்து, பிறகு தாளை எடுத்து உலரவிட வேண்டும். உலரும்போது களிமண் கறையை உறிஞ்சிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் வெண்படலம் தங்கும். ஆக்ஸாலிக் ஆசிட் விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. முதலில் மறைவான ஒரு மூலையில் மட்டும் செய்து பாருங்கள்.

சூடு காட்டியும் ஓரம் அசையவில்லை, தண்ணீர் விட்டால் அங்கே முத்து முத்தாக நிற்கிறது என்றால், இணைப்பில் போட்ட ரெசின் என்ற செயற்கைப் பிசினின் படலமாக இருக்கும். மெல்லிய படலம் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் தேய்ந்து போகும். இணைப்பை அடைக்கும் சிலிகான் பசையிலிருந்து கசிந்த எண்ணெய் என்றால் அப்படிப் போகாது. அதற்கும் பற்றுதான், ஆசிட்டுக்குப் பதில் எண்ணெயைக் கரைக்கும் திரவத்தில் குழைத்து.

சீலரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கெட்ட பொருள் அல்ல. கல் முழுக்கக் காய்ந்தபின் உள்ளே ஊறும் வகைச் சீலர் அடித்தால் பின்னாளில் கறை ஏறுவது குறையும். தவறு காலத்தில்தான். ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே படலம் போடும் சீலரை அடித்தால், தண்ணீர் வெளியேறும் வழியையே அடைத்துவிடுகிறோம். கருமை மாதக்கணக்கில் தங்கும், படலம் வெளுத்து உரியும். நிறத்தை அடர்த்தியாக்கும் சீலரால் நடுப்பகுதியையும் கறுப்பாக்கிவிடலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஈரமான ஓரத்தில் அது சரியாக இறங்காது. ஓரம் பின்னால் காய்ந்தால் இப்போது கறுப்புச் சட்டம், அப்போது வெள்ளைச் சட்டம்.

என் முற்றத்தில் நான் காத்திருந்தேன். மூன்று மாதத்தில் பெரும்பாலான கற்களில் கரை மறைந்தது. சுவரை ஒட்டிய கடைசி வரிசையில் மட்டும் போகவே இல்லை, மழை பெய்தால் இன்னும் அகலமாகும். அந்த வரிசையில் ஒரு கல்லைப் பெயர்த்தோம். அடியில் முழுப் பரப்புக்கும் கலவை இல்லை. நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அதன்மேல் கல்லை உட்காரவைத்திருக்கிறார்கள். உருண்டைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நின்றது. இதை எந்த ஆசிட்டும் சீலரும் சரிசெய்யாது, எத்தனை வெயிலும் காயவைக்காது. அந்த வரிசையை மட்டும் எடுத்து, கல்லின் அடிமுகம் முழுக்கச் சிமென்ட் பால் தடவி, இறுக்கமான கலவையை முழுப்படுக்கையாகப் போட்டு, மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்துத் திரும்பப் பதித்தோம். இணைப்பை இந்த முறை உடனே அடைக்கவில்லை. அடிக்கலவை காய்வதற்கு இரண்டு வாரம் திறந்தே விட்டுவைத்தோம்.