பிடிஎஸ்டி கோச் செயலி: தூண்டல் வரும் நேரத்தில் படைவீரருக்கு எவ்வளவு உதவும்?

ஈராக்கில் சாலையோரக் குப்பைக்குள் குண்டு வைத்தார்கள். அங்கே பணியாற்றித் திரும்பியவருக்குச் சொந்த ஊரில் காற்றில் புரளும் ஒரு பிளாஸ்டிக் பை போதும், இதயம் படபடக்கும், கை ஸ்டீயரிங்கை இறுக்கும். கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் இந்த மன உளைச்சல் நோய்தான் பிடிஎஸ்டி. அதைக் கிளப்பும் காட்சி, ஒலி, வாடை போன்றவையே தூண்டல். இந்த நிமிடங்களுக்காகவே அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் தேசிய பிடிஎஸ்டி மையம், பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து 2011-ல் வெளியிட்ட செயலி இது. இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கும். எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று, பயிற்சிக் கருவியை அவசரச் சிகிச்சைப் பெட்டி போலக் காட்டுவதற்கு.

முகப்பில் நான்கு பகுதிகள்: கற்றல், முன்னேற்றம் கண்காணித்தல், அறிகுறி சமாளித்தல், ஆதரவு பெறுதல். மூன்றாவதுதான் இதன் உயிர். கோபம், தூக்கமின்மை, பழைய சம்பவம் நினைவுக்கு வருதல் என்று உங்களுக்கு நேர்வதைத் தொட்டதும், தவிப்பு எவ்வளவு என்று 0 முதல் 10 வரையுள்ள வெப்பமானி போன்ற அளவில் குறிக்கச் சொல்லும். பிறகு ஒரு கருவியைத் தரும். முடித்ததும் மறுபடி அளக்கச் சொல்லும். இந்த இரண்டாவது அளவைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். தனக்கு எது பலிக்கிறது என்று அறிய வேறு வழியில்லை என்பதால், அதைத் தவிர்க்கக் கூடாது.

தூண்டலுக்கென்றே உள்ள கருவியின் பெயர் ஆர்ஐடி. தளர்த்து, இனங்காண், முடிவெடு என்பவை அதன் மூன்று படிகள். நன்றாகச் செய்யப்பட்ட பகுதி இது, ஆனால் பெரும்பாலோர் தவறாக நிரப்புவதும் இதைத்தான். 'இனங்காண்' படியில் 'பயமாக இருக்கிறது' என்று எழுதினால் பயனில்லை. புலன் பிடித்ததை எழுத வேண்டும்: டீசல் வாடை, முதுகுக்குப் பின்னால் காலடி, தட்டென்று சாத்திய கதவு. அடுத்து, அன்றைய நிலைமைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு. இங்கே 'நான் பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று எழுதினால் மனம் நம்பாது. கண்ணால் சரிபார்க்கக் கூடியதை எழுதுங்கள்: இது மளிகைக் கடை, வாசல் இடப்பக்கம், முன்னால் நிற்பவர் கையில் பால் பாக்கெட். கடைசிப் படியில் ஒவ்வொரு முறையும் 'வெளியேறுகிறேன்' என்று முடிவெடுத்தால் ஆபத்து. வெளியேறியதும் கிடைக்கும் நிம்மதியே அடுத்த முறை பயத்தைப் பெரிதாக்கும். 'இரண்டு நிமிடம் இதே வரிசையில் நின்று, மறுபடி அளக்கிறேன்' என்பது போன்ற மிகச் சிறிய முடிவு போதும்.

எந்தக் கருவியையும் தவிப்பு 9-ல் இருக்கும்போது முதன்முதலாகத் திறக்காதீர்கள். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டப் போர்க்களத்தில் யாரும் கற்பதில்லை. 2 அல்லது 3-ல் இருக்கும் அமைதியான வேளையில் நாளைக்கு இரண்டு முறை, ஐந்தைந்து நிமிடம் பழகுங்கள். அதன் பிறகே 5, 6 அளவுள்ள இடங்களுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மூச்சுப் பயிற்சியில் ஆழமாக, வேகமாக இழுத்தால் உடலில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அதையே ஆபத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு பீதி ஏறுவதும் உண்டு. இழுப்பதைச் சாதாரணமாக வைத்து, விடுவதை நீட்டுங்கள். கண்ணை மூடச் சொன்னால் மூட வேண்டியதில்லை. எந்நேரமும் விழிப்பாக இருந்தே பழகியவருக்கு அது தவிப்பைக் கூட்டும். சுவரில் முதுகு சாய்த்து, தரையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். தசை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியில் கழுத்து, முதுகுக் காயம் உள்ளவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

கற்பனைக் காட்சிக் கருவியில் கடற்கரை வருகிறது. பாலைவனத்தில் பணியாற்றியவருக்கு மணலே தூண்டலாகலாம். சொந்தப் படம், சொந்தப் பாட்டுச் சேர்க்க வசதி இருப்பதால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் இழந்த தோழர்களின் படத்தை அங்கே வைக்க வேண்டாம். அது அமைதிப்படுத்தும் இடம், அஞ்சலிக்கு வேறு இடம் வேண்டும்.

கண்காணிப்புப் பகுதியில் பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 வினாத்தாள் இருக்கிறது: 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31 முதல் 33 என்ற எல்லையை எட்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோய் இதுதான் என்று அந்த எண் மட்டும் தீர்மானிக்காது. மாதம் ஒருமுறை நிரப்பினால் போதும். 6, 7-ஆம் கேள்விகளுக்கான விடையைத் தனியாகக் குறித்து வையுங்கள். நினைவுகளையும் இடங்களையும் தவிர்ப்பது பற்றியவை அவை. மொத்தம் குறைந்தும் இந்த இரண்டும் இறங்கவில்லை என்றால், வீட்டுக்குள் ஒடுங்கியதால் கிடைத்த அமைதியாக இருக்கலாம்.

2017-ல் வெளியான ஆய்வில், 120 பேரில் மூன்று மாதம் இதைப் பயன்படுத்தியவர்கள், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட அதிகம் தேறினார்கள். எதையும் செய்யாமல் இருந்தவர்களோடு ஒப்பிட்ட முடிவு அது, சிகிச்சையோடு ஒப்பிட்டதல்ல. நினைவை நேராக எதிர்கொள்ளும் நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள் நடக்கும். அதற்கு இந்தச் செயலி மாற்றாகாது, இரண்டு அமர்வுகளுக்கு நடுவே துணை நிற்கும்.

தமிழில் இல்லை என்பது நமக்குப் பெருங்குறை. கனடாவும் ஆஸ்திரேலியாவும் தத்தம் படைவீரர்களுக்கு இதன் சொந்தப் பதிப்புகளை வெளியிட்டன. இங்கும் ஒன்று வரவேண்டும். மூலப் பதிப்பில் உள்ள அவசர எண்கள் அமெரிக்காவுக்கானவை, இந்தியாவில் உதவாது. ஆகவே நிறுவியதும் முதல் வேலையாக ஆதரவுப் பகுதியில் நள்ளிரவிலும் எடுப்பார் என்று தெரிந்த இருவரின் எண்ணைச் சேருங்கள். கூடவே இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ கைபேசியில் பதிந்து வையுங்கள். அதில் தமிழிலும் பேசலாம். தற்கொலை எண்ணம் வந்தால் எந்தக் கருவியையும் திறக்காமல் நேரே அழையுங்கள். தீபாவளி வெடிச்சத்தம் தாங்காதவர் வீட்டில் இருந்தால், பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே ஆர்ஐடி பழக்கத்தைத் தொடங்குங்கள்.