கோழிக் கொட்டகைக்கு மின் இணைப்பு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

கோழிக் கொட்டகைக்குத் தேவைப்படும் மின்சாரம் மிகச் சொற்பம். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியில்தான் ஆபத்து இருக்கிறது. மலேசியாவில் தோட்ட லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்த பிறகும் நம்மவர்களில் பலர் நாட்டுக்கோழி வளர்ப்பதைக் கைவிடவில்லை. சமையலறைப் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டி, கொட்டகைக்குள் பல்பைத் தொங்கவிட்டிருப்பதை இன்றும் காணலாம். தகரக் கூரையும் கம்பிவலையும் ஈரத் தரையும் கூடியிருக்கும் இடத்தில், தோல் உரிந்த ஒரே ஒரு வயர் கொட்டகை முழுவதிலும் மின்சாரத்தைப் பாய்ச்சிவிடும். என் வீட்டுப் பின்புறத்தில் பதிவுபெற்ற வயர்மேன் ஒருவர் அமைத்துக் கொடுத்த இணைப்பு சில ஆண்டுகளாக இயங்கி வருகிறது. அதில் எது நிலைத்தது, எது தேய்ந்தது என்பதை எழுதுகிறேன்.

செலவில் பெரும்பங்கு கேபிளுக்கே போயிற்று. எலி கடித்தாலும் உள்ளே பல் இறங்காதபடி எஃகுக் கம்பிக் கவசம் போர்த்திய கேபிளை அரை மீட்டர் ஆழத்தில் புதைத்து, அதற்குச் சற்று மேலே எச்சரிக்கை நாடாவையும் போட்டிருக்கிறோம். மரவள்ளிக் கிழங்கு தோண்டும்போது மண்வெட்டி முதலில் அந்த நாடாவைத்தான் தொடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினாலும் 30 மீட்டர் தூரத்துக்கு இழப்பு 2.7 வோல்ட்தான் என்பதால், அதைவிடத் தடித்த கேபிள் வாங்குவது வீண். புதைத்த பகுதிக்கு இதுவரை எந்தப் பராமரிப்பும் தேவைப்படவில்லை.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி கசிவு மின்னோட்டத் துண்டிப்பான், அதாவது ஆர்சிடி. பழைய வீடுகள் பலவற்றில் வீடு முழுமைக்கும் 100 மில்லியாம்பியர் கருவி ஒன்றுதான் இருக்கும். அது தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர, மனித உடலில் பாயும் மின்சாரத்தை வேகமாக நிறுத்துவதற்கு ஏற்றதல்ல. கொட்டகைக்கென்று தனியாக 30 மில்லியாம்பியர் கருவி வேண்டும். அந்த அளவு கசிந்தால் 0.3 வினாடிக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். நம் நாட்டில் வீட்டுக்கான எர்த் இணைப்பு வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதால், எர்த் கம்பியின் மின்தடையை அளந்து எழுதித் தரும்படி வயர்மேனிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கருவியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துகிறேன். அது கருவி துண்டிக்கிறதா என்பதை மட்டுமே காட்டும்; எர்த்தின் நிலையைக் காட்டாது. இடி மின்னலோடு பெய்யும் மாலை மழையில் இந்தக் கருவி எப்போதாவது வீணாக இணைப்பைத் துண்டிப்பதுண்டு. ஆனால் அது தனி இணைப்பில் இருப்பதால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அணைவதில்லை.

எனக்கு முழுத் திருப்தி தந்த முடிவு, 230 வோல்ட்டைக் கொட்டகைக்கு உள்ளேயே விடாததுதான். வெளியே தூணில் பொருத்திய, தூசியும் நீரும் புகாத ஐபி65 தரப் பெட்டியில் அந்த இணைப்பு முடிந்துவிடுகிறது; அங்கிருக்கும் மின்மாற்றி தரும் 12 வோல்ட் மட்டுமே உள்ளே செல்கிறது. எல்இடி விளக்கு, சிறு காற்றாடி, குஞ்சுகளுக்கான வெப்பத் தட்டு ஆகிய மூன்றுமே அதில் ஓடுகின்றன. குஞ்சுகளுக்குப் பலரும் மாட்டும் 250 வாட் அகச்சிவப்பு பல்பு இரவும் பகலும் எரிந்தால் நாளொன்றுக்கு 6 யூனிட் ஆகும். அது அறுந்து மரத்தூள் மேல் விழுந்தால் கொட்டகையே எரிந்துபோகும். முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 35 பாகை வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். நம் ஊர் இரவுக்கு 20 வாட்டுக்கும் குறைவான தட்டே ஒரு சிறு அடைக்குப் போதுமானதாக இருக்கிறது.

முட்டைக்கு விளக்கு தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. சுங்கை சிப்புட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்தான். ஆகவே குளிர்நாடுகளைப் போல இங்கே கோழிகள் பருவம் பார்த்து முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. இருந்தாலும் 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைத்தால் முட்டை கூடும் என்பதால், 5 வாட் விளக்கை அதிகாலை 4.30 முதல் விடியும் வரை எரியவிடுகிறேன். மாலையில் எரியவிட்டுத் திடீரென அணைத்தால் கோழிகள் இருட்டில் பரணேற முடியாமல் தடுமாறும். மாதம் அரை யூனிட் கூட ஆகாத இந்தச் செலவைப் பற்றி வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. மூன்று மணிக்கே கூவும் சேவலைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

தேய்ந்தவை எல்லாம் சிறு பொருள்களே. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பு முனைகளைப் பச்சை பூக்கச் செய்து, இணைப்பைத் தளர்த்திவிடுகிறது. காற்றாடியின் மோட்டாரில் இறகுத்தூசி படிந்து சூடேறுகிறது. ஆதலால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதைத் தூரிகையால் துடைப்பது என் வழக்கமான வேலையாகிவிட்டது. வெளிப்பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் புகாமலிருக்க, கேபிள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் கொண்ட கிளாண்டை (கேபிளை இறுகப் பிடிக்கும் மூடியை) பொருத்த வேண்டும். வெயிலில் அந்த ரப்பர் வெடித்துவிடுவதால் அதை இடையில் மாற்றவும் நேர்ந்தது. சுழல்முள் டைமர் மின்வெட்டு ஏற்பட்ட நேரமெல்லாம் பின்தங்கிப்போய், விளக்கைத் தாமதமாக எரியவிட்டது. இப்போது உள்ளே பேட்டரி கொண்ட டிஜிட்டல் டைமர் இருக்கிறது, நேரம் தவறுவதில்லை.